நாங்களா, நாமா?

வணக்கம் ஐயா. போன வாரம் எங்கள் சமூக மன்றத்தில், ஓய்வுபெற்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம் பொதுவாழ்க்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஒருமுறைகூட ‘நான் செய்தேன்’ என்று சொல்லவில்லை, எல்லாம் ‘நாங்கள்’தான். எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. என் மகனோ, “அது மேடைப் பணிவுப்பா, நம்பாதீங்க” என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
- ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ‘நாங்கள்’ எங்கிருந்து வருகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். சில ஆண்டுகள், தொகுதி மக்கள் தம் குறைகளை நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் சொல்லும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் தொண்டூழியராகக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் (1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் தொடங்கிய வழக்கம், இன்றும் அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நடக்கிறது). ஓர் இரவு சீன மூதாட்டி ஒருவர், வாடகை பாக்கிக்கு வந்த நோட்டீஸை நான்காக மடித்துக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி வந்தார். மகனுக்கு வேலை போய்விட்டதாம். அவர் ஹொக்கியனில் சொன்னதைப் பக்கத்து மேசைக்காரர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் எழுதினேன். பத்தரை மணிக்கு மேல் உறுப்பினர் அதைப் படித்துவிட்டு, “வேலை போய் எத்தனை மாதம்?” என்று கேட்டார். நான் கேட்க மறந்த கேள்வி. அந்த வரியைச் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அதைப் படித்துத் தவணை கொடுத்தது, எங்களில் யாரும் முகம் பார்த்திராத ஓர் அதிகாரி. இதில் ‘நான் செய்தேன்’ என்று யார் சொல்வது?

பெரிய காரியங்களும் இப்படித்தான் நடக்கின்றன. நம் தேசிய உறுதிமொழியை எழுதியவர் அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் என்கிறோம், சரிதான். ஆனால் 1966இல் அதன் முதல் வரைவுகள் கல்வி அமைச்சிலிருந்து வந்தவை, அமைச்சர் ஓங் பாங் பூன் அவற்றை அனுப்பிக் கருத்துக் கேட்க, ராஜரத்தினம் தம் கைப்பட மாற்றி எழுத, பிரதமர் லீ குவான் இயூ அதை மேலும் செதுக்கினார். இதனால் ராஜரத்தினத்தின் பங்கு குறைந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே, 1967 ஆகஸ்ட் 8 அன்று, பேங்காக்கில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கிய ஐந்து பேரில் அவரும் ஒருவர், அதுவும் முந்தைய ஆண்டுவரை நம்மோடு மோதலில் இருந்த இந்தோனேசியாவுடன் சேர்ந்து உட்கார்ந்து. தனியாளாகச் செய்கிற வேலையா அது?

தமிழில் உறுதிமொழி ‘சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்’ என்று தொடங்குகிறது. ‘நாங்கள்’ இல்லை, ‘நாம்’. எதிரில் நின்று கேட்பவரும் அதற்குள் வந்துவிடுகிறார். மேடையில் நிற்பவர் ‘நாங்கள்’ என்னும்போது நாம் வெளியே நிற்கிறோம், உங்கள் மகனுக்கு உறுத்தியது அதுவாகக்கூட இருக்கலாம். அவன் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். யார் யார் அந்த ‘நாங்கள்’ என்று அவர் சொன்னாரா? கடிதம் எழுதியவர், மொழிபெயர்த்தவர், கோப்பைத் தேடி எடுத்த அலுவலர், இப்படி யாரையாவது? சொல்லியிருந்தால் நான் முழுதாக நம்புவேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தவறிப்போன ஒரு காரியத்தைப் பற்றிப் பேசும்போது அவர் ‘நான்’ என்றாரா? நினைவிருந்தால் எழுதுங்கள்.