தராசு சரியாகத்தான் இருக்கிறது, தம்பி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு வயது 37. தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் ரேஷன் கடை விற்பனையாளராக இருக்கிறேன். மனைவி, எட்டு வயதில் ஒரு மகள்.

என் அப்பா பனையேறி. ஒவ்வொரு பனையிலும் கால் வைக்கும் முன் கண்ணை மூடி ஒரு விநாடி நிற்பார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்; ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாக ஆலயத்துக்குப் போகும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான் இன்று ஜெபிக்கவே பயப்படுகிறேன்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், கிடங்கிலிருந்து வரும் 50 கிலோ மூட்டைகள் சிலவற்றில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைவது தெரியவந்தது. குறைந்தால் விற்பனையாளர் தலையில்தான் விழும். எனக்கு முன் அங்கே இருந்தவர், "கார்டுக்கு இருநூறு கிராம் பிடித்துக்கொள், கணக்கு நேராகிவிடும்" என்றார். ஒன்றரை வருடம் அப்படியே செய்தேன். வீட்டுக்கு ஒரு மணி அரிசிகூட எடுத்துப் போகவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார் நீதிமொழிகள் 11:1ஐ வாசித்தார். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." எனக்காகவே வாசித்ததுபோல இருந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன். அதன்பின் ஒருவருக்கும் ஒரு கிராம் குறைத்ததில்லை. மூட்டையில் குறைவதை என் சம்பளத்திலிருந்து ஈடுகட்டுகிறேன். பழைய குறையை உத்தேசமாகக் கணக்குப் போட்டு, அதைப்போல இரண்டு மடங்கு அரிசியை ஊரில் ஆதரவற்ற நான்கு வீடுகளுக்கு மாதாமாதம் கொடுத்து முடித்தேன்.

ஆனால் சமாதானம் வரவில்லை. ஒருவருக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கும்போதே, எண்ணைச் சரியாகப் பார்த்தோமா என்ற சந்தேகம் வருகிறது. பையைத் திரும்ப வாங்கி இரண்டாம் முறை, மூன்றாம் முறை நிறுக்கிறேன். வரிசை ரோடு வரை நீள்கிறது, ஜனங்கள் ஏசுகிறார்கள். ஒருநாள் இரவு ஒரு பாட்டியின் வீட்டுக்கு ஒரு கிலோ சர்க்கரையோடு போய், "உங்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது" என்றேன். அவர்கள் பயந்துவிட்டார்கள்.

ஜெபத்தில் இன்னும் மோசம். முழங்காலில் நிற்கும்போது ஆண்டவரைப் பற்றி எழுதக்கூடாத வார்த்தைகள் மனதில் வந்து விழுகின்றன. உடனே ஜெபத்தை முதலிலிருந்து தொடங்குகிறேன். குடும்ப ஜெபம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. என் மகள் ஒருநாள், "அப்பா, ஆமென் எப்போது வரும்?" என்று கேட்டாள். பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு மன்னிப்பில்லை என்று வேதம் சொல்கிறதே, அதைத்தான் செய்துவிட்டேனோ என்று நடுங்குகிறேன். அபாத்திரமாய்ப் பந்தியில் சேரக்கூடாது என்று ஐந்து மாதமாகத் திருவிருந்துக்குப் போகவில்லை. எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் குறைந்தது இருபது முறை கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் பொறுமையாக விளக்குவார். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும்.

நான் உண்மையான விசுவாசியா, வெளிவேஷக்காரனா? மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார் ஒரு நண்பர். அது அவிசுவாசம் ஆகாதா? சில நாள் இரவு, காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம் என்று கேட்கும் ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கண் விழிக்காமல் போனால் நல்லது என்ற நினைப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாக எப்போதாவது மாறினால், அந்த நிமிடமே மனைவியை எழுப்புங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். அரசின் இலவசச் சேவை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இதைச் செய்வதாக எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு குரல்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றென்று எண்ணி நான்கு வருடமாகத் தவிக்கிறீர்கள்.

முதல் குரல் அந்தக் கூட்டத்தில் கேட்டது. செய்தது தவறு என்று சொன்னது. நீங்கள் கீழ்ப்படிந்தீர்கள், குறைப்பதை நிறுத்தினீர்கள், இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தீர்கள். எரிகோவில் வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித் தருவதாகச் சொன்னதும் இந்த வகைதான். அதற்குப் பதிலாக இயேசு அவரை மறுபடி மறுபடி விசாரிக்கவில்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று சொல்லிவிட்டார். மனசாட்சி அப்படித்தான் வேலை செய்யும். ஒன்றைக் கேட்கும், செய்து முடித்தால் அடங்கிவிடும்.

இரண்டாவது குரல் அடங்குவதில்லை. நம் ஊர்ப்பக்கம் கந்துவட்டியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அசலைப்போல இரண்டு மடங்கு கட்டிய பிறகும் வாசலில் வந்து நிற்பான். கட்டக் கட்டக் கடன் வளரும். நீங்கள் மூன்றாம் முறை நிறுத்ததும், ஜெபத்தை ஆறாம் முறை தொடங்கியதும், ஐயரிடம் இருபதாம் முறை கேட்டதும் இவனுக்குக் கட்டிய வட்டி. இந்தக் குரல் கர்த்தருடையதாக இருக்க முடியாது, தம்பி. அவர் கந்துவட்டிக்காரர் அல்ல.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயோடு மிகவும் பொருந்துகின்றன. நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வாழ்நாளில் வரக்கூடியது இது. சிலருக்குக் கை கழுவுவதில் வரும், சிலருக்குக் கதவைப் பூட்டினோமா என்பதில் வரும். பக்தியுள்ளவர்களுக்குப் பக்தியிலேயே வரும். இந்த நோய் மனிதன் எதை உயிராக நேசிக்கிறானோ அங்கேயே கை வைக்கும். கைக்குழந்தையை உயிராக வளர்க்கும் தாய், குழந்தைக்குத் தானே தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்து கத்தியைத் தொடவே பயந்த கதைகளை என் அறையில் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒருவரும் குழந்தையை வெறுத்தவர்கள் அல்ல. ஆண்டவரைத் தூஷிக்கும் வார்த்தைகள் உங்களை நடுங்க வைக்கின்றன என்பதே, அவை உங்கள் விருப்பம் அல்ல என்பதற்கு அடையாளம். இதை ஒருமுறை சொல்லிவிட்டேன். மறுபடி கேட்டால் சொல்ல மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

நம் திருநெல்வேலிச் சீமையின் கவிஞர் கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதியது ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' நூலைத் தழுவித்தான் என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். அந்தப் பனியன் 1666இல் தன் சொந்த அனுபவத்தையும் எழுதிவைத்தார். 'கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு' என்ற எண்ணம் இரவும் பகலும், சாப்பிடும்போதுகூடத் தன்னைத் துரத்தியதையும், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக நீண்ட காலம் கலங்கியதையும் அதில் ஒளிக்காமல் சொல்கிறார். கத்தோலிக்கத்தில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரும் 1522இல் மன்ரேசா என்ற ஊரில், அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுக் களைத்து, உயிரை விட்டுவிடலாமா என்ற எல்லை வரை போனவர். இவர்களை வெளிவேஷக்காரர்கள் என்று யார் சொல்வார்கள்? அவர்கள் காலத்தில் இதற்கு மருத்துவம் இல்லை. உங்கள் காலத்தில் இருக்கிறது.

சிகிச்சை இரண்டு வகை. பலருக்கு இரண்டும் சேர்ந்து தேவைப்படும். ஒன்று மாத்திரை. பழக்கமாகிவிடும் வகை அல்ல. ஆனால் பலன் தெரியவே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்று நிறுத்தி விடுகிறவர்கள் உண்டு, நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். இன்னொன்று பயிற்சி. சந்தேகம் வரட்டும் என்று விட்டுவிட்டு, அதற்கு வட்டி கட்டாமல் இருப்பது. ஒருமுறை நிறுத்து, எண்ணைப் பார்த்து, பையில் கொட்டிவிட வேண்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். பையைத் திரும்ப வாங்கக் கை துடிக்கும். வாங்காமல் அடுத்த கார்டைக் கூப்பிட வேண்டும். பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். இத்தனை வருடமாக அது இறங்கும்வரை நீங்கள் காத்திருந்ததே இல்லை. ஏறும்போதே திரும்ப நிறுத்துவிட்டீர்கள். ஆறுதல் கேட்பதும் இப்படித்தான். ஐயர் சொல்லும் ஒவ்வொரு ஆறுதலும் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி. அதனால்தான் நானும் ஒருமுறை மட்டும் சொல்வேன் என்றேன். இந்தக் கடிதத்தை ஐயரிடமும் மனைவியிடமும் காட்டுங்கள். இனி நீங்கள் கேட்டால், "இதற்குப் பதில் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோமே" என்று அன்பாகச் சொன்னால் போதும். திருவிருந்துக்குத் திரும்பும் நாளை ஐயர் குறிக்கட்டும், உங்கள் மனநிலை குறிக்க வேண்டாம். மனம் தெளிந்த பிறகு போகலாம் என்று இருந்தால் அந்த நாள் வராது. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று யோவான் எழுதியது உங்களைப் போன்றவர்களுக்காகவும்தான். உங்கள் இருதயத்தின் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு அல்ல.

மருத்துவரிடம் போவது அவிசுவாசமா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வி எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவமனைகளைக் கட்டி வளர்த்த திருச்சபை உங்களுடையது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் மனநலத்துக்கென்றே தனி மையம் நடத்துகிறது. அங்கே ஜெபமும் உண்டு, மாத்திரைச் சீட்டும் உண்டு. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டுப் போட்டு, எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் கொடுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கும் பகுதி அதில் ஏற்கெனவே இருக்கிறது.

இனி, நீங்கள் என்னிடம் கேட்காத ஒன்று. கார்டுக்காரர்களின் அரிசியை மூன்று முறை நிறுக்கிறீர்கள். லாரியிலிருந்து இறங்கும் மூட்டையை ஒருமுறையாவது, கொண்டுவந்தவர்களின் முன்னால் நிறுத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. குறைவைச் சம்பளத்திலிருந்து கட்டி மூடுகிறீர்கள். உங்கள் நேர்மையை நான் மதிக்கிறேன், ஆனாலும் மூடினால் அந்தத் தவறு தொடரத்தான் செய்யும். அடுத்த கடையில் இருக்கும் புது விற்பனையாளரிடம் இன்றும் யாராவது, "இருநூறு கிராம் பிடித்துக்கொள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் நோய்க்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நோய் உங்கள் பலத்தையெல்லாம் இல்லாத குற்றத்தில் செலவழிக்க வைத்து, இருக்கும் வேலைக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்கிறேன். சிகிச்சை தொடங்கி, உறக்கம் சீரான பிறகு, இறக்கும்போதே மூட்டைகளை நிறுத்துக் குறைவை ரசீதில் எழுதி, மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் செய்யாமல், இன்னும் இரண்டு மூன்று விற்பனையாளர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எளிதாக இருக்காது, சிலர் முகம் சுளிப்பார்கள், இடமாற்றம்கூட வரலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் நீங்கள் கேட்ட வசனத்துக்கு இன்னும் கீழ்ப்படிய மீதமிருக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் அம்மா உலையிலிருந்து எடுத்த பிடியரிசியை எப்போதாவது நிறுத்துப் பார்த்தார்களா, தம்பி? ஒருநாள் கை நிறைய வந்திருக்கும், பஞ்சமான நாளில் விரலிடுக்கில் வழிந்தது போக மீதி வந்திருக்கும். அப்படியே பானையில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார்கள். அப்பாவின் ஒரு விநாடியும் அதுபோலத்தான். கண் திறந்ததும் மரம் ஏறிவிட்டார். கடைக்குத் தராசு வேண்டும். முழங்காலில் நிற்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

நாளைக் காலையிலேயே எல்லாக் கார்டுக்கும் ஒரே முறை நிறுத்துவிட முடியாது. முதல் ஐந்து கார்டுக்கு மட்டும் செய்து பாருங்கள். எண்ணைப் பார்த்ததும், வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்கள். அந்தச் சர்க்கரைப் பாட்டி வந்தால் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அந்த வயதில் கால்வலி இல்லாமல் இராது.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் ஆமென் சொல்லும் பொறுப்பை உங்கள் மகளிடம் கொடுங்கள். நோயைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், இனி இது உன் முறை என்றால் போதும். மனதில் என்ன வார்த்தை ஓடிக்கொண்டிருந்தாலும், அவள் ஆமென் சொன்னதும் எழுந்துவிடுங்கள். சோறு ஆறுவதற்குள் மூன்று பேரும் சாப்பிட உட்காருங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்