பிளஸ் டூ ரிசல்ட் வரல, நீட் இன்னும் எழுதல, அதுக்குள்ள காலேஜ்ல அட்வான்ஸ் கேக்குறாங்க: கட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க திண்டுக்கல் பக்கம். வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வெச்சிருக்காரு, எங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் டிகிரி முடிச்சவங்க யாரும் இல்ல. பொண்ணு அரசு உதவி பெறும் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து தமிழ் மீடியம், பயோ மேத்ஸ் குரூப், மார்ச்ல பிளஸ் டூ எழுதிட்டா. மேத்ஸ் பேப்பர் கஷ்டம்னு அழுதுகிட்டே வந்தா. இப்ப மே மாச நீட்டுக்குப் படிக்கிறேன்னு ரூமுக்குள்ளயே இருக்கா, சரியா சாப்பிடறதில்ல, எதைக் கேட்டாலும் "தெரியாது" தான் பதில். இதுக்கு நடுவுல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இருந்து தினமும் போன், 25 ஆயிரம் கட்டி சீட் பிளாக் பண்ணுங்க, ரிசல்ட் வந்துட்டா கிடைக்காதுன்னு. அவங்கப்பா கட்டிடலாம்ங்கறாரு. கட்டலாமா? அவகிட்ட மார்க் பத்தி கேக்கலாமா, இல்ல விட்டுடணுமா?

பதில்:

வணக்கம்மா. 25 ஆயிரத்தை இப்ப கட்டாதீங்க. ஏன்னு கீழ விவரமா சொல்றேன், அதுக்கு முன்னாடி உங்க ரெண்டாவது கேள்வி.

மார்க் எவ்வளவு வரும்னு அவகிட்ட கேக்காதீங்க. அவளுக்கே தெரியாது, பேப்பர் திருத்துற டீச்சர் போடுற மார்க்கை அவ எப்படி சொல்லுவா. நீங்க ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் அவ அந்த மேத்ஸ் பேப்பரை மனசுக்குள்ள திரும்ப எழுதுறா, அன்னைக்கு நீட் படிப்பு போச்சு. ஆனா விட்டுடணுமான்னா அதுவும் கிடையாது, ஏன்னா அட்மிஷன்ல பாதி வேலை பெத்தவங்க வேலை, அதை யாரும் உங்களுக்கு பிரிச்சு சொல்லல அவ்வளவுதான். சர்டிபிகேட், பணம், தேதி இந்த மூணும் உங்களோடது. படிக்கிறது, எந்த கோர்ஸ்னு முடிவு பண்றது அவளோடது. பல வீட்டுல இது தலைகீழா நடக்குது, கோர்ஸை அப்பா முடிவு பண்றாரு, இ-சேவை மையத்துல வெயில்ல க்யூவுல பொண்ணு நிக்குது.

மேத்ஸ் பேப்பர் கஷ்டமா இருந்துச்சுங்கறதுக்கு வர்றேன். டிஎன்இஏன்னு சொல்ற தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன் கவுன்சிலிங்ல கட் ஆஃப் 200க்கு, மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. உதாரணத்துக்கு மேத்ஸ் 88, பிசிக்ஸ் 82, கெமிஸ்ட்ரி 90 வந்தா 88 + 41 + 45, கட் ஆஃப் 174. எல்லாரும் என்ன பண்றாங்கன்னா இந்த 174ஐ எடுத்துட்டுப் போய் போன வருஷ கட் ஆஃப் லிஸ்ட்ல வெச்சுப் பாத்து அய்யோ இந்த காலேஜ் போச்சேன்னு உக்காந்துடறாங்க. தப்பு. சீட் கொடுக்கறது மார்க்கைப் பாத்து இல்ல, ரேங்க்கைப் பாத்து. பேப்பர் கஷ்டம்னா அது உங்க பொண்ணுக்கு மட்டும் கஷ்டம் இல்லையே, ஸ்டேட் போர்டுல எழுதுன அத்தனை பேருக்கும் அதே பேப்பர் தான், எல்லாருக்கும் குறைஞ்சா கட் ஆஃபும் சேந்து இறங்கும். அதனால ரேங்க் லிஸ்ட் வந்தப்புறம் போன வருஷம் இந்த காலேஜ்ல இந்த பிராஞ்ச் எந்த ரேங்க் வரைக்கும் போச்சு, உங்க கம்யூனிட்டியில எது வரைக்கும் போச்சுன்னு பாருங்க. அது தான் ஓரளவு நம்பக்கூடிய கணக்கு.

நீட்டுக்கும் இதே தான். 2024ல ரிசல்ட் வந்த அன்னைக்கு 67 பேர் 720க்கு 720, அப்புறம் கருணை மதிப்பெண் பிரச்சனை, சுப்ரீம் கோர்ட்டு, 1,563 பேருக்கு மறுதேர்வு வாய்ப்புன்னு ஒரு மாசம் நாடே கலங்கிப் போச்சு. அடுத்த வருஷம் 2025ல பேப்பர் கடுமை, இந்தியாவுலயே முதல் மார்க் 686 தான். ரெண்டு வருஷத்துக்குள்ள இவ்வளவு வித்தியாசம். அப்ப "அந்த மாமா பையன் 600 வாங்கியும் சீட் கிடைக்கல"ன்னு யாராவது வீட்டுக்கு வந்து சொன்னா அது எந்த வருஷம்னு முதல்ல கேளுங்க, டீ கொடுத்து அனுப்பிடுங்க.

இன்னொன்னு அவகிட்ட மெதுவா சொல்ல வேண்டிய விஷயம், நீட் ஒண்ணு தான் வழின்னு அவ நினைச்சிட்டிருந்தா அதனாலயே பயம் அதிகமாகுது. பயோ மேத்ஸ் குரூப்புக்கு ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கு. கால்நடை மருத்துவம் நம்ம ஸ்டேட்ல பிளஸ் டூ மார்க்கை வெச்சு தான், பயாலஜி 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50ன்னு 200க்கு கணக்கு. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், அக்ரி இதெல்லாமும் தமிழ்நாட்டு கவுன்சிலிங்ல பிளஸ் டூ மார்க் தான். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அப்ளிகேஷன், தனித்தனி கடைசி தேதி, அதை நோட்டுல எழுதி வெக்கிறது உங்க வேலை. அரசு கலை கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ தளத்துலயும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வெச்சிடுங்க, கட்டணம் ரொம்ப கம்மி, போட்டதுனால நஷ்டம் ஒண்ணும் இல்ல. நீட்டுக்கு எத்தனை தடவை வேணா எழுதலாம், மேல் வயசு வரம்பும் இல்ல, அதனால இந்த மே மாசத்தோட எல்லாம் முடிஞ்சுடறதில்ல. ஆனா தேர்வுக்கு முன்னாடியே "போனா போகுது அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சொல்லிடாதீங்க, நம்ம மேல நம்பிக்கை இல்லைன்னு தான் பிள்ளைங்க அதை எடுத்துக்குவாங்க.

இப்ப அந்த 25 ஆயிரம். போன் பண்றவர் காலேஜ் ஆளா ஏஜெண்டான்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஏஜெண்டுன்னா பேச்சை அங்கயே முடிச்சிடுங்க. காலேஜ் தான்னா, அந்த காலேஜ் அண்ணா யுனிவர்சிட்டியோட இணைஞ்சதா, டிஎன்இஏ லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா விஷயம் சுலபம். சுயநிதி காலேஜ்ங்க தங்களோட மொத்த சீட்டுல 65 சதவீதத்தை கவர்மெண்ட் கோட்டாவுக்கு கொடுக்கறாங்க, சிறுபான்மை காலேஜ்னா 50 சதவீதம். அதாவது எந்த சீட்டுக்கு இப்ப அட்வான்ஸ் கேக்குறாங்களோ அதே காலேஜ், அதே பிராஞ்ச் கவுன்சிலிங்ல கம்மி ஃபீஸ்ல வரும். அதோட உங்க குடும்பத்துல டிகிரி முடிச்சவங்க இல்லைங்கறதால முதல் தலைமுறை பட்டதாரி சலுகை உங்க பொண்ணுக்கு உண்டு, டியூஷன் ஃபீஸ்ல வருஷா வருஷம் குறைச்சுக்குவாங்க, ஆனா அது கவுன்சிலிங் வழியா சேந்தா மட்டும் தான். காலேஜே நேரா கொடுக்கற மேனேஜ்மெண்ட் சீட்டுல முன்கூட்டியே போய் உக்காந்தா அந்த சலுகை போச்சு. அவசரப்பட்டு கட்டுற 25 ஆயிரம் நாலு வருஷத்துல எத்தனை 25 ஆயிரமா ஆகும்னு அவங்கப்பாவை கணக்குப் போடச் சொல்லுங்க, கடைக்காரர், அவருக்கு இது ரெண்டு நிமிஷ வேலை.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம்னா அது கவுன்சிலிங்ல வராது, தனி கதை. அங்க தான் வேணும்னு அவளே ஆசைப்பட்டா கட்டலாம், ஆனா ரசீது இல்லாம ஒரு ரூபா கூட வேண்டாம், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டு வரவே கூடாது. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விதிப்படி ஒரிஜினலை சரிபார்த்துட்டு உடனே திருப்பித் தரணும், வெச்சுக்க அவங்களுக்கு உரிமை இல்ல. சீட் வேண்டாம்னு விலகினா ஃபீஸ் திரும்ப எவ்வளவு தரணும்னும் யுஜிசி சொல்லியிருக்கு, எவ்வளவு சீக்கிரம் எழுதிக் கொடுக்கறீங்களோ அவ்வளவு கூட திரும்பும். வாயால சொன்னது எதுவும் செல்லாது, மெயில்ல கேளுங்க, மெயில்ல பதில் வாங்குங்க. மெடிக்கல் கவுன்சிலிங் பெரும்பாலும் இன்ஜினியரிங் தொடங்கினதுக்கு அப்புறம் தான் நடக்கும், ஒருவேளை அவ மெடிக்கல் பக்கம் மாறினா இந்த விதி உங்களுக்குத் தேவைப்படும்.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன், பலர் குழம்புறாங்க. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அரசு உதவி பெறும் பள்ளிக்கு கிடையாது. யாராவது கிடைக்கும்னு சொன்னா நம்பி உக்காராதீங்க. ஆனா புதுமைப்பெண் திட்டம், மாசம் ஆயிரம் ரூபா, அது உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களுக்கும் நீட்டிச்சிருக்காங்க, ஆறாவதுல இருந்தே அங்க படிச்சிருக்கறதால கேட்டுப் பாருங்க. காலேஜ்ல சேந்தப்புறம் அங்க இருக்கற பொறுப்பாளர் மூலமா தான் பதிவாகும்.

சர்டிபிகேட் வேலையை இப்ப ஏப்ரல்லயே ஆரம்பிங்க. சாதி சான்றிதழ், வருமான சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ். இ-சேவையில போட்டா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் ஆபீஸ்னு போய் வரணும், மே மாசம் எல்லாரும் ஒரே நேரத்துல போடுவாங்க, அப்ப தான் சர்வர் வேலை செய்யாது, விஏஓ லீவுல இருப்பாரு. ஸ்கூல் ரெக்கார்டு, ஆதார், சாதி சான்றிதழ் மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு எழுத்து எழுத்தா பாருங்க, சரஸ்வதிக்கு எத்தனை எஸ்னு கடைசி நாள்ல உதவி மையத்துல நின்னு சண்டை போட்டவங்க நிறைய. டிஎன்இஏ ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மார்க் வர வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, ஸ்டேட் போர்டு மார்க்கை அவங்களே எடுத்துக்குவாங்க. எந்த போன் நம்பர், எந்த மெயில் கொடுக்கறீங்களோ அது ஆகஸ்ட் வரைக்கும் வீட்டுல ஒருத்தர் கையில இருக்கணும், பாஸ்வேர்டை நெட் சென்டர்காரர் வெச்சுக்கக் கூடாது.

பணத்தைப் பத்தி அவகிட்ட ஒளிக்காதீங்க. இது நிறைய பேர் செய்யறதில்ல. "நீ படிம்மா, காசை நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லிட்டு ஆகஸ்ட்ல கவுன்சிலிங்குக்கு காலேஜ் லிஸ்ட் போடும்போது கோயம்புத்தூர் ஹாஸ்டல் நம்மால முடியாதுன்னு சொன்னா அவ உடைஞ்சு போயிடுவா. வருஷத்துக்கு இவ்வளவு முடியும், லோன் போட்டா இவ்வளவு, வெளியூர் ஓகேவா இல்லையா, இதை நீட் முடிஞ்ச மறுவாரம் அவங்கப்பாவே உக்காந்து சொல்லட்டும். அந்த எல்லைக்குள்ள லிஸ்ட் அவளோடது.

லிஸ்ட் போடும்போது எல்லாரும் செய்யற ஒரு கோளாறு, "கிடைக்கறது" எதுவோ அதை மேல போட்டுட்டு "பிடிச்சது" எதுவோ அதை கீழ போடறது. கம்ப்யூட்டர் லிஸ்டை மேல இருந்து கீழ பாத்துகிட்டே வந்து உங்க ரேங்குக்கு முதல்ல எது காலியா இருக்கோ அதைக் கொடுத்துட்டு நின்னுடும். எட்டாத காலேஜை முதல் இடத்துல போட்டா நஷ்டம் எதுவும் இல்ல, அது கிடைக்கலன்னா அடுத்ததுக்குப் போயிடும், அவ்வளவுதான். ஆனா சுமாரானதை முதல்ல போட்டா அது தான் வரும், அதுக்குக் கீழ இருக்கற நல்லதை யாரும் எடுத்துத் தர மாட்டாங்க. எத்தனை சாய்ஸ் வேணா போடலாம், தாராளமா போடுங்க. தற்காலிக ஒதுக்கீடு வந்தப்புறம் ஏத்துக்கறேன், ஏத்துக்கறேன் ஆனா மேல கிடைச்சா மாத்துங்க, வேண்டாம்னு சில ஆப்ஷன் வரும், கொடுத்த நாளுக்குள்ள பதில் சொல்லலன்னா சீட் கையை விட்டுப் போயிடும். அந்த நாள்ல கல்யாணம் காட்சின்னு எங்கயும் போயிடாதீங்க.

ரிசல்ட் அன்னைக்கு மார்க்கை அவ முதல்ல தனியா பாக்கட்டும். எஸ்எம்எஸ் உங்க போனுக்கு வரும், அதை சொந்தக்காரங்க குரூப்புல போடாதீங்க, ஸ்டேட்டஸும் வேண்டாம். மாநில அளவுல யார் முதல்னு அறிவிக்கறதை கவர்மெண்டே 2017ல நிறுத்திடுச்சு, நம்ம வாட்ஸ்அப்ல அதை நடத்த வேண்டாம். எதிர்பார்த்ததை விட ரொம்ப கம்மியா வந்தா விடைத்தாள் நகல் வாங்கிப் பாத்துட்டு மறுமதிப்பீட்டுக்குப் போடலாம், நகல் வாங்காம நேரா போட முடியாது, அதுக்கு கொடுக்கற நாளும் கம்மி. ஒரு பாடம் போயிடுச்சுன்னா கூட கொஞ்ச நாள்ல துணைத்தேர்வு இருக்கு, அதுல பாஸானவங்களுக்கு இன்ஜினியரிங்ல துணைக் கலந்தாய்வும் இருக்கு, அந்த வருஷமே சேரலாம். இது அவளுக்கு இப்பவே தெரிஞ்சிருக்கறது நல்லது, ஆனா நீங்க உக்காந்து வகுப்பு எடுக்காதீங்க, வேற யாரோ பையனைப் பத்தி பேசற மாதிரி அவ காதுல விழட்டும்.

சாப்பிடாம ரூமுக்குள்ளயே இருக்கான்னு எழுதியிருக்கீங்க. தேர்வு பயத்துல சில நாள் அப்படி இருக்கறது வேற. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமே இல்ல, பிடிச்ச எதுலயும் நாட்டம் இல்ல, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"ங்கற மாதிரி பேச்சு வருதுன்னா காத்திருக்காதீங்க. நேராவே கேளுங்க, "சாகணும்னு தோணுதாம்மா"ன்னு. கேட்டா தான் அந்த எண்ணமே வரும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, கேக்க ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா பாரம் குறையும். 14416 டெலி மானஸ், 104 மருத்துவ உதவி, ரெண்டுலயும் தமிழ்ல பேசலாம், நீங்களே கூட முதல்ல பேசி எப்படி அணுகறதுன்னு கேக்கலாம். அப்படி எதுவும் இல்லைன்னா சாப்பாட்டுத் தட்டை ரூமுக்குள்ள கொடுக்கறதை நிறுத்திட்டு ராத்திரி சாப்பாடு மட்டும் எல்லாரும் சேந்து, பரீட்சை பேச்சே எடுக்காமன்னு ஒரு வாரம் செஞ்சு பாருங்க. "தெரியாது"ங்கற பதிலுக்கு அடுத்து வர்ற வார்த்தை பெரும்பாலும் அங்க தான் வரும்.

போன் பண்ற காலேஜ்காரருக்கு அவங்கப்பாவை ஒரே பதில் சொல்லச் சொல்லுங்க: "கவுன்சிலிங்ல பாத்துக்கறோம், வேணும்னா நாங்களே கூப்பிடறோம்." அப்புறமும் விடலன்னா நம்பரை பிளாக் பண்ணிட்டு இந்த வாரத்துக்குள்ள இ-சேவைக்குப் போங்க, முதல் பட்டதாரி சான்றிதழுக்கு குடும்ப அட்டை, டிசி, உறுதிமொழிப் படிவம் கேப்பாங்க, என்னென்ன ஜெராக்ஸ் வேணும்னு அங்கயே முன்கூட்டி விசாரிச்சுட்டு கிளம்பினா ரெண்டு தடவை அலைய வேண்டியதில்ல.