குண்டு மூணுதான் போச்சு, அதற்குள் எதற்கு ரீலோடு?

போன இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே, வீடியோ கேமில் குண்டு பறந்து வந்தால் நான் நாற்காலியிலேயே குனிந்துகொள்வேன் என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் வண்டவாளத்தை எழுதி அனுப்பிவிட்டார்கள். பாதிக்கு மேல் வீட்டில் இருப்பவர்கள் போட்டுக்கொடுத்தவை. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

கே: துப்பாக்கி கேம்களில் மூன்று குண்டு சுட்டதுமே என் விரல் தானாக, ரீலோடு செய்யும் (மறுபடி குண்டு நிரப்பும்) ஆர் பட்டனுக்குப் போய்விடுகிறது. ரீலோடு ஆகிக்கொண்டிருக்கும்போதுதான் எவனாவது வந்து சுடுகிறான். தெரிந்தும் விட முடியவில்லையே?
- கல்லூரி மாணவர், கோவை

ப: ஊரே அனுபவிக்கிற வியாதி இது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஏகே-47க்கு 30 குண்டு. மூன்று போனால் 27 மிச்சம், குறி தலையில் பட்டால் ஒன்றே போதும். ஆனாலும் 27 என்ற எண்ணைப் பார்த்ததும் வீட்டில் கேஸ் தீரப்போகிற மாதிரி ஒரு பதற்றம். ரீலோடு முடியச் சுமார் இரண்டரை நொடி, அந்த இரண்டரை நொடியும் உங்கள் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை, வெறும் இரும்பு. பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடிய காலத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருந்தான், முதலில் சுடவே மாட்டான். சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிராளி மேகஸினை, அதாவது குண்டு வைக்கும் பெட்டியை, கழற்றும் சத்தம் ஹெட்போனில் கேட்டதும் நிதானமாக வெளியே வருவான். அவனிடம் நான் செத்த கணக்கைச் சொன்னால் மானம் போய்விடும்.

தப்பு விரல் மேல் மட்டும் இல்லை. நிஜத் துப்பாக்கியில் பாதி மேகஸினைக் கழற்றி எறிந்தால் உள்ளே இருக்கிற குண்டும் அதோடு போச்சு. பெரும்பாலான கேம்களிலோ அந்த மிச்சம் பத்திரமாக மொத்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். நஷ்டமே இல்லையென்றால் விரல் ஏன் சும்மா இருக்கப்போகிறது? 2006இல் வந்த கியர்ஸ் ஆஃப் வார் இந்த அரிப்பையே ஒரு விளையாட்டாக்கியது. ரீலோடு நடக்கும்போது சரியான நொடியில் இன்னொரு தடவை அழுத்தினால் சீக்கிரம் முடியும், தவறினால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதற்கு நேர்மாறு 1993இன் டூம், அதில் ரீலோடு என்ற சமாச்சாரமே கிடையாது. சமீபத்தில் அதைத் திரும்ப ஆடினேன். ஒவ்வொரு அறையைக் காலி செய்ததும் என் விரல் ஆர் பட்டனை ரெண்டு தட்டுத் தட்டியது, திரையில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனாலும் மனசுக்கு நிம்மதி.

செட்டிங்ஸில் போய் ரீலோடை எட்டாத ஒரு பட்டனுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு வாரம் திட்டிக்கொண்டே ஆடுவீர்கள், அப்புறம் சரியாகிவிடும்.

கே: சின்ன வயதில் டிவி கேம் ஓடவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிப் போடுவோம், உடனே ஓடும். இப்போது என் மகன் அதெல்லாம் மூடநம்பிக்கை என்கிறான். ஓடியது உண்மைதானே?
- 41 வயது வாசகர், திருச்சி

ப: ஓடியது உண்மை, ஊதியதால் ஓடியது என்பதுதான் பொய். மகன் பாதி சரி.

நம் ஊரில் டிவி கேம் என்ற பெயரில் விற்றதெல்லாம் நின்டெண்டோவின் ஃபேமிகாம் (ஜப்பானில் 1983) என்ற பெட்டியின் நகல்கள். கேசட்டின் அடியில் பச்சை அட்டை ஒன்று எட்டிப்பார்க்கும், அதில் வரிசையாக 60 உலோகப் பட்டைகள். அவை பெட்டிக்குள் இருக்கும் பின்களோடு சரியாகப் பொருந்தினால் கேம் வரும், ஒன்றிரண்டு தொடாமல் போனால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை வரும். நீங்கள் கேசட்டைக் கழற்றினீர்கள், ஊதினீர்கள், திரும்பச் சொருகினீர்கள். வேலை செய்தது முதலும் கடைசியும்தான். கழற்றிச் சொருகும்போது பட்டையும் பின்னும் ஒன்றோடொன்று உரசி அழுக்கு கொஞ்சம் விலகும், போன தடவை தொடாதது இந்தத் தடவை தொடும். ஊதாமல் கழற்றிச் சொருகியிருந்தாலும் ஓடியிருக்கும். ஆனால் ஊதாமல் சொருகிப் பார்க்கிற துணிச்சல் அந்தத் தெருவில் எவனுக்காவது இருந்ததா?

மூச்சில் இருக்கும் ஈரம் அந்தப் பட்டைகளை அரிக்கும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது. எங்கள் தெருவில் ஊதுவதற்கென்றே ஒரு அண்ணன் இருந்தார். இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை, பிறகு பனியன் நுனியால் ஒரு துடைப்பு. இப்போது யோசித்தால் அந்தப் பனியன்தான் உருப்படியான வைத்தியம்.

கே: என் கணவர் கார் ரேஸ் ஆடும்போது வளைவு வந்தால் உடம்பையே சாய்க்கிறார். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மேல் சாய்ந்து காபி கொட்டிவிட்டது. அப்படிச் சாய்ந்தால் கார் திரும்புமா?
- வாசகி, சேலம்

ப: திரும்பாது. ஆனால் அவரை ரொம்பத் திட்டாதீர்கள், கேரம் போர்டில் ரெட் காயினை அடித்துவிட்டு அது பாக்கெட் ஓரத்தில் தயங்கும்போது இடுப்பை வளைத்து "விழு, விழு" என்று கெஞ்சாதவர் யார்? ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போய் எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும்.

இன்னொன்று, உண்மையிலேயே சாய்த்தால் வேலை செய்கிற கேம்களும் உண்டு. 2006இல் பிளேஸ்டேஷன் 3ஓடு வந்த கன்ட்ரோலர் சாய்வை உணரும். 2011இல் வந்த டெம்பிள் ரன்னில் போனைச் சாய்த்தால்தான் ஓரத்தில் இருக்கும் காசை எடுக்க முடியும். அடுத்த வருடம் சப்வே சர்ஃபர்ஸ் வந்தது, அதில் விரலால் இழுத்தால் போதும், சாய்ப்பதற்கு வேலையே இல்லை. ஆனால் பஸ்ஸில் அதை ஆடுகிற பையன்களைப் பாருங்கள், போனோடு சேர்ந்து தோளும் போகும். காபியை மட்டும் எதிர்ப்பக்கம் வையுங்கள்.

கே: போக்கிமான் கேமில் பந்தை வீசிய பிறகு, அது ஆடிக்கொண்டிருக்கும்போது பி பட்டனை அமுக்கிப் பிடித்தால் கண்டிப்பாக மாட்டும் என்று நண்பன் சொல்கிறான். எனக்கு நிறைய தடவை மாட்டியிருக்கிறது.
- எட்டாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

ப: தம்பி, நிறைய தடவை மாட்டாமலும் போயிருக்குமே, அதை எண்ணினாயா? 1996இல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமானிலேயே, பந்து போய் விழுந்த கணத்தில் கணக்கு முடிந்துவிடும். அந்தப் பிராணிக்கு உயிர் எவ்வளவு மிச்சம், தூங்குகிறதா, நீ வீசியது எந்த வகைப் பந்து, கூடவே கொஞ்சம் அதிர்ஷ்டம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பந்து இப்படியும் அப்படியும் ஆடுவதெல்லாம் நம் நெஞ்சைப் படபடக்க வைக்கப் போடும் கூத்து. தேர்வுத் தாள் திருத்தி முடிந்த பிறகு கோயிலுக்குப் போய்ச் சிதறுகாய் உடைக்கிற மாதிரி.

ஆனால் நீ மட்டும் இல்லை, உலகம் முழுக்க இதையே செய்திருக்கிறார்கள். சிலர் பி, சிலர் ஏ, சிலர் கீழ் அம்புக்குறியையும் சேர்த்து. இணையம் வீட்டுக்கு வராத காலத்திலேயே எல்லா ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் இந்த ரகசியம் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

1948இல் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் ஒரு சோதனை செய்தார். பசித்த புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி தானாக வரும்படி வைத்தார். எட்டுப் புறாவில் ஆறு தமக்கென்று ஒரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றியது, ஒன்று கூண்டின் மேல் மூலையில் தலையை முட்ட வருவதுபோல நீட்டிக்கொண்டே இருந்தது. தீனி வரும் நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே அது காரணமென்று பிடித்துக்கொண்டது என்றார் ஸ்கின்னர். 1971இல் வேறு இரண்டு பேர் அதே மாதிரி செய்து பார்த்துவிட்டு, அது நம்பிக்கையெல்லாம் இல்லை, காத்திருக்கும்போது புறா வழக்கமாகச் செய்கிற சேட்டைதான் என்று வாதாடினார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது கட்சிதான் உன் பி பட்டனுக்குப் பொருத்தம். பந்து ஆடுகிற அந்த நேரம் கையைச் சும்மா வைத்திருப்பது கஷ்டம், அவ்வளவுதான். அமுக்கிக்கொள், பட்டன் உடையாமல் பார்த்துக்கொள்.

கே: சண்டை கேமில் பட்டனை ஓங்கி அழுத்தினால் அடி பலமாக விழும் என்று என் தம்பி நம்புகிறான். ஒரு வருடத்தில் இரண்டு கன்ட்ரோலர் போய்விட்டது. பட்டனுக்கு அழுத்தம் தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், காட்டுகிறேன்.
- ஐடி ஊழியர், சென்னை

ப: எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் மனசாட்சி உறுத்துகிறது. 1987இல் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வந்தபோது, அதன் பெரிய ஆர்கேட் பெட்டியில் குத்துக்கு ஒன்று உதைக்கு ஒன்று என்று இரண்டு ரப்பர் மெத்தைகள் இருந்தன. எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும். ஆடுகிறவனுக்கும் கை வலி, பெட்டிக்கும் சேதம். பிறகு வந்தவற்றில் லேசு, நடுத்தரம், பலம் என்று ஆறு பட்டனாகப் பிரித்துவிட்டார்கள். அது போகட்டும் என்றால், 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலரின் பட்டன்களுக்கு அழுத்தம் நன்றாகவே தெரியும். கிரான் டூரிஸ்மோ 3இல் எக்ஸ் பட்டனை எவ்வளவு ஆழமாக அழுத்துகிறோமோ அவ்வளவுதான் ஆக்சிலரேட்டர். மெட்டல் கியர் சாலிட் 2இல் துப்பாக்கியை நீட்டிவிட்டு மெல்ல விரலை எடுத்தால் சுடாமல் இறக்குவான், சட்டென்று எடுத்தால் சுட்டுவிடுவான். இதற்குப் பழகிய ஒரு தலைமுறையே இருக்கிறது. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது முகப்புப் பட்டன்களில் இருந்த அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

ஆக, உங்கள் தம்பி ஆடுவது புது பிளேஸ்டேஷன் என்றால் நீங்கள் சொல்வது சரி. மூன்றாவது கன்ட்ரோலருக்கு அவர் சம்பளத்திலிருந்து எடுங்கள்.

கே: ஜிடிஏ வைஸ் சிட்டியில் திருடின காரை ஓட்டும்போதுகூட சிவப்பு விளக்கில் நிற்கிறேன். போலீஸ் அதற்குப் பிடிப்பதில்லை என்று தெரியும்.
- வாசகர், யாழ்ப்பாணம்

ப: வெளியே, நிஜ ரோட்டிலும் நிற்கிறீர்களா? அதை எழுதவில்லையே.

கே: கேமில் கிடைக்கும் நல்ல மருந்துகளைப் பெரிய எதிரிக்கு ஆகும் என்று எடுத்துவைத்துக்கொண்டே போய், கடைசி எதிரியையும் முடித்த பிறகு பையைப் பார்த்தால் அறுபது குப்பி அப்படியே இருக்கிறது. இது கஞ்சத்தனமா?
- வாசகி, மதுரை

ப: ஷோகேஸில் விருந்தாளிக்கென்று பீங்கான் கோப்பை வைத்துவிட்டு, விருந்தாளி வந்தால் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுக்கிற வீட்டில் வளர்ந்தவர்தானே நீங்கள்? நானும்தான். கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். இதைவிடப் பெரிய ஆபத்து இனிமேல்தான் வரும் என்ற நினைப்பு அது, அந்த "இனிமேல்" கேம் முடிகிற வரைக்கும் வரவே வராது.

சில கேம்கள் இதை அடித்துச் சொல்லிக்கொடுத்தன. 1996இன் ரெசிடென்ட் ஈவிலில் கேமைச் சேவ் செய்யவே தட்டச்சுப் பொறியும் மை ரிப்பனும் வேண்டும், ரிப்பன் எண்ணித்தான் கிடைக்கும். குண்டும் அப்படியே, மருந்துச் செடியும் அப்படியே. அங்கே எண்ணி எண்ணிச் செலவழித்தவர், கடைக்குக் கடை மருந்து விற்கிற கேமுக்குப் போனாலும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். எனக்குத் தெரிந்த ஒரே வழி, பத்துக் குப்பிக்கு மேல் சேர்ந்தால் அடுத்து வருகிற சில்லறை எதிரியிடமே ஒன்றைக் குடித்துவிடுவது. முதல் தடவை நெஞ்சு வலிக்கும்.

கே: போக வேண்டிய வழி வலது பக்கம் என்று அம்புக்குறியே போட்டிருந்தாலும் முதலில் இடது பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். மனைவி சிரிக்கிறாள்.
- வாசகர், புதுச்சேரி

ப: சிரிக்கட்டும். 1985இன் சூப்பர் மரியோவில் திரை வலது பக்கம் மட்டும்தான் நகரும், விட்டுவிட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. அதற்கு அடுத்த வருடமே மெட்ராய்டு வந்தது. மரியோ பழக்கத்தில் எல்லோரும் வலது பக்கம் ஓடினார்கள், கொஞ்ச தூரத்தில் ஒரு தாழ்வான சந்து, நுழைய முடியாது. உருண்டையாகச் சுருண்டு நுழைவதற்கான பொருள், கிளம்பிய இடத்துக்கு இடது பக்கத்திலேயே இருந்தது. ஒருமுறை இப்படி ஏமாந்தவன் ஆயுசுக்கும் இடது பக்கம் எட்டிப்பார்ப்பான். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு மரப்பெட்டியையாவது உடைத்துவிட்டுத்தான் வருவான்.

கே: பப்ஜி, இப்போது பிஜிஎம்ஐ, எதில் ஆடினாலும் நேராக நடக்க மாட்டேன், குதித்துக் குதித்துத்தான் போவேன். என்ன பயன்?
- வாசகர், தூத்துக்குடி

ப: உங்களுக்குப் பயனில்லை. 1996இன் குவேக்கில் சரியாகக் குதித்து, காற்றில் இருக்கும்போதே திரும்பினால் நிஜமாகவே வேகம் கூடும். அப்படிப் பறந்தவர்களைப் பார்த்து அடுத்த தலைமுறை பழகியது, அவர்களைப் பார்த்து நீங்கள். வேகம் மட்டும் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

கே: குனிவது தவிர உங்களுக்கு வேறு என்ன பழக்கம்?
- கோவையில் இருந்து இன்னொருவர்

ப: இரண்டு தடவை சேவ் செய்வேன். முதல் பிளேஸ்டேஷனின் மெமரி கார்டில் மொத்தமே 15 கட்டம்தான், சேவ் ஆகும்போது கார்டை எடுக்காதே என்று திரையில் எழுதி வரும், சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் போகும். நாற்பது மணி நேரம் ஆடிய ஆட்டம் அப்படி ஒரு சாயங்காலம் போனது, அம்மா மெழுகுவத்தியோடு வந்து "சாப்பிட வா" என்றார். இப்போது கேம்கள் தாமாகவே சேவ் செய்துகொள்கின்றன, மூலையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றி நிற்கும். அது நிற்கிற வரை பார்த்துவிட்டு, மெனுவில் போய் ஒரு தடவை சேவ், வெளியே வந்து, சந்தேகம் வந்து, இன்னொரு தடவை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.