பச்சை இலை எரியும் சத்தம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறேன். கவிஞர் ஜான் டன் இறந்தபோது இன்னொரு கவிஞரான தாமஸ் கேர்யூ எழுதிய இரங்கற்பா எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. அதில் எனக்கு அழுகையே தெரியவில்லை. களைகளைப் பிடுங்கினார், புதிதாக நட்டார், மொழியை வளைத்தார் என்று விமர்சனக் கட்டுரை மாதிரியே போகிறது. அதியமானுக்காக ஔவையார் பாடியதைப் படித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இதில் அப்படி எதுவும் ஆகவில்லை. அரசவையில் இருந்த ஒருவர் ஊரோடு சேர்ந்து மரியாதைக்கு எழுதியதுதானா இது?

ந., திருநெல்வேலி

அன்புள்ள ந.,

முதல் முறை படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஔவையோடு வைத்துப் பார்த்தால் இன்னும் வறட்சியாகத் தெரியும். கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று தொடங்குகிறார் ஔவை. பக்கத்தில் உட்கார்ந்து குடித்தவரின் துக்கம் அது. கேர்யூவின் பாட்டில் அந்த மாதிரி நெருக்கம் எதுவும் கிடையாது. அவர் கவிஞராக நின்று அழுகிறார். இனிமேல் எப்படி எழுதுவது என்பதுதான் அவருடைய துக்கம்.

டன் இறந்தது 1631 மார்ச் 31. ஏறக்குறையப் பத்து வருடமாக லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னால், உடம்பு ஒடுங்கிப்போன நிலையில், அரசர் முதலாம் சார்லஸின் அவையில் மரணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தன் சாவுக்குத் தானே பிரசங்கம் செய்துகொண்டார் என்று கேட்டவர்கள் பேசிக்கொண்டார்களாம். ஆனால் இளமையில் அவர் எழுதிய காதல் கவிதைகள் கைப்பிரதியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அவை தொகுப்பாக அச்சேறியது 1633இல். அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஹென்றி கிங், ஐசக் வால்டன் போன்றவர்களின் இரங்கற்பாக்களோடு கேர்யூவுடையதும் இருக்கிறது. ஊரோடு சேர்ந்து எழுதினாரா என்று கேட்டீர்கள். சேர்ந்துதான் எழுதினார். ஆனால் மரியாதைக்கு எழுதுகிறவர் இப்படித் தொடங்கமாட்டார்.

தொடக்கமே ஒரு கேள்வி. கவிதை விதவையாகிவிட்டது, அவளிடமிருந்து ஓர் இரங்கற்பாவைக்கூட நம்மால் பிடுங்க முடியாதா என்கிறார். அப்புறம், சரியாகப் பிசையாத மாவு மாதிரியான உரைநடையையாவது அந்தச் சாம்பல் மேல் வைக்கக்கூடாதா என்கிறார். அந்தக் காலத்துப் பிரசங்க மேடையில் மணற்கடிகை இருக்கும். மணல் விழுந்து தீர்ந்தால் ஒரு மணி நேரம். சாதாரணப் பிரசங்கியின் பேச்சு அந்த மணலைப் போலவே வறண்டது என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறார். இறந்துபோனவர் எப்படிப்பட்ட பிரசங்கி என்பது இதிலேயே வந்துவிடுகிறது.

நீங்கள் விமர்சனம் என்று சொன்ன பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. முன்னால் வந்தவர்கள் பல நூறு வருடங்களாக நல்ல மொட்டுகளையெல்லாம் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். டன்னுக்கு மிஞ்சியது மொட்டை வயல். அந்த வயலில் அவர் பொறுக்கியெடுத்த கதிர், அவர்கள் எல்லோரும் சேர்ந்து அறுத்ததைவிட அதிகம் என்கிறார். அறுப்பு முடிந்த வயலில் குனிந்து கதிர் பொறுக்கியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் அணியாகத் தெரியாது.

இப்போது கேர்யூவின் மற்ற கவிதைகளை எடுத்துப் பாருங்கள். வழவழவென்று பாடத் தோதான காதல் பாட்டுகள். இந்தப் பாட்டில் அந்த நயம் காணாமல் போகிறது. வாக்கியம் வரியில் நிற்காமல் அடுத்த வரிக்கு வழிகிறது, முட்டுகிறது, திரும்புகிறது. அது டன்னின் நடை. தன் குரலை ஓரமாக வைத்துவிட்டு, இறந்தவரின் குரலில் கொஞ்ச நேரம் பேசிப் பார்க்கிறார். அது தனக்கு நிலைக்காது என்றும் அவருக்குத் தெரியும். சுழற்றிய கையை எடுத்தபிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றுமே, அப்படித்தான் என் வரிகளும் என்கிறார். இவ்வளவு நேரம் நாம் படித்துவந்த பாட்டுதான் அந்தக் கடைசிச் சுற்று. எனக்குத் தொண்டை அடைத்தது இந்த இடத்தில்தான்.

அதற்கு அடுத்ததையும் விட்டுவிடாதீர்கள். டன்னுக்கு உரிய வாகைமாலையை அவருடைய சிதையில் போடுகிறார். டன்னைப் பேராலயத்தில் புதைத்தார்கள், சிதை வெறும் கற்பனை. ஆனாலும் பாருங்கள், மாலை உடனே பற்றிக்கொள்வதில்லை. வெடிக்கிறது, வெறுப்போடு துப்புகிறது, ஈரத்தையெல்லாம் தீ உறிஞ்சிய பிறகுதான் சாம்பலாகிறது. எங்கள் வீட்டில் விறகடுப்பு இருந்த காலத்தில், மழைநாளில் ஆச்சி ஈர மட்டையைச் செருகுவாள். நுனியில் நீர் கொப்பளித்து நுரைக்கும், சடசடவென்று தெறிக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அந்தச் சத்தம் இந்த வரியில் எனக்குக் கேட்கிறது. பச்சையாக இருப்பதுதான் அப்படிச் சத்தம் போடும். டன்னின் கவிதை காய்ந்துபோகவில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

முடிவில் கல்லறைக்காக நான்கு வரி. அறிவுக்கூர்மையின் பேரரசைத் தன் விருப்பப்படி ஆண்ட அரசர் இங்கே கிடக்கிறார், இரண்டு பூசாரிகளும் இங்கே கிடக்கிறார்கள், முதலில் கவிதைத் தெய்வமான அப்பல்லோவுக்கு, கடைசியில் மெய்யான கடவுளுக்கு என்று எழுதுகிறார். அந்த இருவரும் டன்தான், கவிஞரும் பிரசங்கியும். மரியாதைக்கு எழுதுகிறவராக இருந்தால் டீனின் காதல் கவிதைகளைப் பேசாமல் மூடி வைத்திருப்பார். கேர்யூ இரண்டையும் ஒரே குழியில், ஒரே மரியாதையோடு வைக்கிறார்.

தேர்வுக்காகப் படிப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு முழுப் பாட்டையும் வாய்விட்டுப் படியுங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள்.