குண்டாகவும் ஒடுக்கமாகவும்: இம்பேக்ட் எழுத்துரு கேள்வி பதில்

கேள்வி: மீம் என்றாலே ஏன் இம்பேக்ட்?

பதில்: எல்லாக் கணினியிலும் கிடந்ததால். மைக்ரோசாஃப்ட் 1996இல் இணையத்துக்கென்று இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய எழுத்துருக்களில் இதுவும் ஒன்று. அப்புறம், கோடு தடிமன். வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரம் போட்டாலும் மெலியாது, பின்னால் எந்தப் படம் இருந்தாலும் படிக்க முடியும். ஆனால் பிறந்தது மீமுக்காக அல்ல. ஜெஃப்ரி லீ வரைந்ததை 1965இல் ஷெஃபீல்டின் ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகம் உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. தலைப்புகளுக்கானது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் உயரத்தைப் பாருங்கள், பெரிய எழுத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். உள்ளே இருக்கும் வெளி வெறும் கீற்று. கொடுத்த இடத்தில் எவ்வளவு மை அடைக்கலாமோ அவ்வளவும் அடைத்திருக்கிறார்.

கேள்வி: கட்டுரை முழுக்க இம்பேக்டில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஃபிளெக்ஸ் பேனரில் தலைப்பு நீளமாக இருக்கிறது. லதா என்ற தமிழ் எழுத்துருவைப் பக்கவாட்டில் 60 சதவீதத்துக்கு நெருக்கிவிட்டால்?

பதில்: செய்யாதீர்கள். நின்ற கோட்டின் தடிமனும் 60 சதவீதமாகிவிடும், படுத்த கோடு பழைய தடிமனிலேயே இருக்கும். எழுத்து நோஞ்சானாகத் தெரியும். ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள்.

கேள்வி: இம்பேக்டில் தமிழ் அடித்தால் சாதா எழுத்தாக வருகிறதே?

பதில்: அதில் தமிழே கிடையாது. கணினி வேறு எழுத்துருவை எடுத்துப் போடுகிறது. அனேக் தமிழ் எழுத்துருவைப் பாருங்கள்: எடை, அதாவது கோட்டின் தடிமன், 800 வரை ஏறும், அகலம் 75 சதவீதம் வரை குறையும். நோட்டோ சான்ஸ் தமிழ் 62.5 வரை போகும். இரண்டும் இலவசம். அதற்கும் மேலே இம்பேக்ட் அளவுக்குப் போனால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். வரிகளையும் ரொம்ப நெருக்காதீர்கள், ‘பு’வின் கால் அடுத்த வரி ‘கீ’யின் சுழியில் இடிக்கும்.

கேள்வி: லதா பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன் சார். சுவரில் எழுதிய ஓவியர்கள் ஒடுக்கித்தானே எழுதினார்கள்?

பதில்: ஆகா, வாருங்கள். ஒடுக்கினார்கள், சரி. தூரிகையை ஒடுக்கினார்களா? பட்டை அதேதான், கோட்டின் தடிமனும் அதேதான். குறுகியது உள்ளே இருக்கும் வெளி. நெரிசலான இடத்தில் மட்டும் ஒரு கோட்டைக் கொஞ்சம் மெலிதாக இழுத்திருப்பார்கள், அது கண் பார்த்துச் செய்வது. கணினி எதையும் பார்க்காது. வெளியையும் நின்ற கோட்டையும் ஒரே விகிதத்தில் தேய்த்துவிடும்.

கேள்வி: விடமாட்டேன். 95 சதவீதத்துக்கு நெருக்கினால் யாருக்குத் தெரியும்?

பதில்: தெரியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 95இல் நிறுத்திய ஃபிளெக்ஸ்காரரை எனக்குக் காட்டுங்கள்.

கேள்வி: இம்பேக்ட் போலவே இலவசமாக?

பதில்: ஆன்டன்.

கேள்வி: அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் இழுத்தால்?

பதில்: அதுவும் அதே குற்றம்தான். இப்போது படுத்த கோடு தடிக்கும்.

கேள்வி: லோகோவுக்கு எவ்வளவு வாங்கலாம்?

பதில்: என்னிடம் கேட்கிற கேள்வி அல்ல.

கேள்வி: ஏரியலை 70 சதவீதத்துக்கு நெருக்கினால் இம்பேக்ட் மாதிரி வருமா?

பதில்: மேலே மூன்றாவது கேள்வி.