அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஒழுக்கக் கல்வி எப்படி வந்தது? அதனால் பிள்ளைகள் மாறினார்களா?

என் மகள் நியூ ஜெர்சியில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். போன வருடம் ஒரு நாள் பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினாள். 'இந்த மாதத்தின் பண்பு: நேர்மை' என்று போட்டிருந்தது. "எதுக்கும்மா குடுத்தாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலப்பா, அந்த மாசத்து வார்த்தை அது" என்றாள். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து இந்த வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன்.

தொடக்கம் முழுக்க மதம்தான். 1647-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் ஒரு சட்டம் போட்டது: 50 குடும்பங்கள் உள்ள ஊர், எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆளை வைக்க வேண்டும். காரணத்தையும் சட்டத்திலேயே எழுதினார்கள். மக்கள் பைபிளை அறியாமல் இருப்பதுதான் சாத்தானின் திட்டம், அதை முறியடிக்க வேண்டுமாம். அந்தக் காலத்துப் பாடநூலில் 'ஏ' என்ற முதல் எழுத்துக்கே ஆதாமின் வீழ்ச்சியால் நாம் எல்லோரும் பாவிகளானோம் என்ற வரிதான். அரிச்சுவடியும் நீதிபோதனையும் ஒன்றாகவே இருந்தன.

1837-இல் அதே மாசசூசெட்ஸில் கல்வி வாரியத்தின் முதல் செயலாளரானார் ஹொரேஸ் மான். ஏழை, பணக்காரர் எல்லோர் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் உட்கார வேண்டும், அங்கே நல்லொழுக்கம் கற்க வேண்டும், ஆனால் எந்தக் கிறிஸ்தவப் பிரிவின் கோட்பாடும் நுழையக் கூடாது என்பது அவர் கனவு. பைபிளை விளக்கம் சொல்லாமல் வாசித்தால் போதும் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் வாசித்தது புராட்டஸ்டன்ட்டுகளின் கிங் ஜேம்ஸ் பைபிள். கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கு அது தங்கள் பைபிள் இல்லை. 1844-இல் பிலடெல்பியாவில் இந்தச் சண்டையும் சேர்ந்து கலவரமாக வெடித்தது. கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன, பலர் செத்தார்கள்.

1859-இல் பாஸ்டன் எலியட் பள்ளியில் நடந்ததை என்னால் மறக்கவே முடியவில்லை. தாமஸ் வால் என்ற பத்துப் பதினொரு வயதுக் கத்தோலிக்கப் பையன், பத்துக் கட்டளைகளைப் புராட்டஸ்டன்ட் வாசகத்தில் சொல்ல மாட்டேன் என்றான். ஆசிரியர் பிரம்பால் அவன் கைகளில் அரை மணி நேரம் அடித்தார். வழக்கு நடந்தது, ஆசிரியர் விடுதலையானார். கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பதற்காகக் குழந்தையின் கையைப் பிய்த்திருக்கிறார்கள். தாமஸோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியே போனார்கள்.

1836-இல் வரத் தொடங்கிய மெக்கஃபி என்பவரின் பள்ளி வாசிப்பு நூல்கள் வேறு வழி: சின்னச் சின்ன நீதிக்கதைகள். 12 கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்று கணக்கு சொல்கிறார்கள்.

சரி, இதெல்லாம் பலித்ததா? முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1920களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நேர்மைச் சோதனைகள் நடத்தினார்கள். ஒரு தாளில் சின்ன வட்டங்கள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் பென்சிலால் குறி போடச் சொல்வார்கள். உண்மையில் கண்ணை மூடினால் சிலதுதான் உள்ளே விழும். எல்லாமே கச்சிதமாக விழுந்திருந்தால் திருட்டுப் பார்வை. இன்னொன்று: பிள்ளைகள் எழுதிய விடைத்தாளை ரகசியமாகப் பதிவு செய்துகொண்டு, சரியான விடைகளோடு திருப்பிக் கொடுத்து, நீங்களே மதிப்பெண் போடுங்கள் என்பார்கள். யார் விடையை மாற்றினார்கள் என்பது அப்படியே தெரிந்துவிடும்.

1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாக முடிவுகள் வந்தன. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. நேர்மை நல்லது என்று தெரிந்திருப்பதற்கும் நேர்மையாக நடப்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு. ஆனால் வகுப்புக்கு வகுப்பு வித்தியாசம் இருந்தது: சில ஆசிரியர்களின் வகுப்பில் பிள்ளைகள் ஏமாற்றுவதே குறைவு. இந்தக் கடைசி விஷயத்தை ஏன் யாரும் உரக்கப் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் 1962, 1963 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், அரசுப் பள்ளி நடத்தும் ஜெபத்தையும் பைபிள் வாசிப்பையும் நிறுத்தின. எது சரி என்று ஆசிரியர் சொல்லக் கூடாது, மாணவரே தன் மதிப்பீடுகளைத் தெளிவுபடுத்திக்கொள்ளட்டும் என்ற முறை கொஞ்ச காலம் ஓடியது. எனக்கு அதில் மரியாதை இல்லை. குழந்தையைத் தனியே விட்டுவிடுவது அது.

உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் செய்தது வேறு. 1974-இல் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குள் கிளஸ்டர் பள்ளி என்று சிறியதாக ஒன்று தொடங்கினார்கள். விதிகளை வாரக் கூட்டத்தில் வாக்களித்துத்தான் முடிவு செய்வார்கள். ஆசிரியருக்கும் ஒரு வாக்கு, மாணவருக்கும் ஒரு வாக்கு. ஒருமுறை ஒரு பெண்ணின் பணப்பையிலிருந்து 9 டாலர் காணாமல் போனது. பையைக் கவனிக்காதது அவள் தப்பு என்றார்கள் சிலர். இல்லை, இது நம் எல்லோர் தப்பும்தான் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், பணம் திரும்பி வராவிட்டால் தலைக்கு 15 சென்ட் போட்டு அவளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதற்குப் பின் வந்த வருடங்களில் அங்கே திருட்டு நின்றுபோனதாகக் கோல்பர்க் எழுதினார்.

1990களில் காற்று மறுபடி திரும்பியது. நம்பகம், மரியாதை, பொறுப்பு என்று நற்பண்பின் ஆறு தூண்கள், சுவரில் சுவரொட்டி, மாதம் ஒரு வார்த்தை. என் மகளின் சான்றிதழ் அந்த வழியில் வந்ததுதான். 2010-இல் மத்திய கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு, 84 தொடக்கப் பள்ளிகளில் இப்படிப்பட்ட 7 திட்டங்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. சராசரியாகப் பார்த்தால் பிள்ளைகளின் நடத்தையில் முன்னேற்றம் இல்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: பாடமாகச் சொன்னபோது பெரிதாக மாறவில்லை, வகுப்பே அப்படி வாழ்ந்தபோது மாறியிருக்கிறார்கள்.

இந்த வருடம் மகளின் வகுப்பில் ஒரு பையனின் கலர் பென்சில் டப்பா தொலைந்தது. ஆசிரியை கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, எல்லோரையும் தரையில் வட்டமாக உட்கார வைத்து, இப்போது அவனுக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் என் மகள் தன் பெட்டியிலிருந்து பச்சையையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அவன் டப்பாவில் இப்போது பன்னிரண்டு பேருடைய பென்சில்கள் இருக்கின்றன.