மகன் பிலிப்பைன்ஸில், செபுவில் டாக்டருக்குப் படிக்கிறான். வயதான அம்மாவோடு போஹோல் தீவை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதே கேள்விக்கு ஒருவர் 'பாட்டியை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போங்க, எல்லாருக்கும் நிம்மதி' என்று பதில் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பேரன் படிக்கிற ஊரைப் பார்க்கக் கடல் தாண்டி வருகிற மனுஷியை டிவி முன்னால் உட்கார வைக்கவா அவ்வளவு தூரம் கூட்டிப் போகிறோம்?

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு ஜில்லா. கேரளாதான், வீட்டில் தமிழ். என் மகனும் செபுவில்தான் படிக்கிறான். இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம் என்று 2025 ஜூனில் அறிவித்த பிறகுதான் அம்மாவையும் கூட்டிப் போகலாம் என்று துணிச்சல் வந்தது, டிசம்பரில் கிளம்பினோம். உங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்: பையனுக்கு ஒரு நாள் லீவு, அம்மாவுக்கு முழங்கால் வலி, போதாததற்குச் சுத்த சைவம். அப்படி வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

செபுவிலிருந்து போஹோலின் தக்பிலாரன் துறைமுகத்துக்கு வேகப் படகில் 2 மணி நேரம் ஆகும். விடியற்காலைப் படகையே பிடியுங்கள், டிசம்பரில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. இறங்கியதும் தனியாக ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள். பலரோடு சேர்ந்து போகிற டூர் வேன் மலிவுதான், ஆனால் பாம்புப் பண்ணை, பட்டாம்பூச்சித் தோட்டம், பரிசுப் பொருள் கடை என்று அவர்கள் இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றியே பொழுதைப் போக்கிவிடுவார்கள், முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிட வேனில் ஏறி இறங்குவதுதான் பெரும்பாடு. இவன் காசு இருக்கிற திமிரில் பேசுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம், நான் தென்னந்தோப்பை நம்பிப் பிழைக்கிறவன், நாலு பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும்.

நாங்கள் தூரமான இடத்தை முதலில் முடித்துவிட்டு, துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பி வரும்போது மற்றதைப் பார்த்தோம். அதாவது முதலில் கார்மென், அங்கேதான் சாக்லேட் மலைகள். எல்லாம் சுண்ணாம்புக்கல் குன்றுகள், எண்ணிக்கையில் 1,260க்குக் குறையாது. ஒரு காலத்தில் கடலுக்கடியில் பவளமும் சிப்பியும் படிந்து உண்டான பாறை மேலே எழும்பி, மழை கரைத்துக் கரைத்து இந்த உருவம் வந்ததாம். மேலே புல் மட்டும்தான். அது கோடையில் காய்ந்தால்தான் சாக்லேட் நிறம், டிசம்பரில் பச்சைப் பசேல் என்றிருந்தது. என் மனைவி 'இதுக்கு நம்ம ஜில்லா நெல்லியாம்பதி மலைக்கே போயிருக்கலாம்' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். நிறம் முக்கியம் என்றால் ஏப்ரல், மே பாருங்கள், ஆனால் வெயில் பொசுக்கிவிடும்.

பார்வை மேடைக்கு 214 படி. பாட்டி ஏற வேண்டாம், கீழேயே இருக்கட்டும் என்று பையன் சொன்னதுதான் தாமதம், 'பழனிக்குப் படியேறினவடா நானு' என்று புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். உட்கார்ந்து, எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் ஏறின வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்து முடித்து இறங்குகிற நேரத்துக்கு மேலே போய்ச் சேர்ந்தார். 'களத்துல நெல்லக் குமிச்சு வெச்சாப்பல இருக்குது கண்ணு' என்றார். அந்த ஹோட்டல் ஆலோசனைக்காரர் இதைப் படித்தால் நல்லது.

திரும்பும் வழியில் பிலாரில் மகோகனி மரங்களை வரிசையாக நட்டு வளர்த்த காடு, வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். டார்சியர் காப்பிடத்தில் மட்டும் கட்டாயம் இறங்குங்கள். ஒரு கைப்பிடி அளவு பிராணி, பகலில் தூங்கும், இலைக்கடியில் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். கண் குழிக்குள் அசையாது, அதனால் தலையையே முதுகுப் பக்கம் வரை திருப்பிப் பார்க்கிறது. சத்தம் ஆகாது, பிளாஷ் ஆகாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றுகொண்டே நம்மவர் ஒருவர் ஊருக்கு வீடியோ கால் போட்டு 'தெரியுதா, தெரியுதா' என்று கத்துகிறார். எந்த ஊர்க்காரர் என்று எழுதினால் சண்டை வரும்.

வழி நெடுக எங்களுக்கு வேடிக்கை தென்னைமரம்தான். மரம் ஏற அடியிலிருந்தே தண்டில் படிப்படியாக வெட்டு வைத்திருக்கிறார்கள், மழைத் தண்ணீர் அதில் தேங்கி நிற்கிறது. அம்மா பொறுக்காமல் 'பெத்த புள்ளையாட்டம் வளத்த மரத்தை இப்பிடியா கொத்துவாங்க' என்று டிரைவரைத் தமிழிலேயே கேட்டார், அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கள்ளுக்கு அங்கே துபா என்று பெயர். ஒருவகை மரப்பட்டையைப் போட்டுச் சிவப்பாக்கி, ரோட்டோரம் பிளாஸ்டிக் கேனில் வைத்து விற்கிறார்கள், ஒளிவு மறைவே இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தோப்பு இந்தப் பக்கம், என் மச்சான் தோப்பு கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். ஒரே மண், தென்னையைப் பிடிக்கிற ஒரே வெள்ளை ஈ. என் மரத்தில் கள்ளுக்குப் பாளை சீவலாம். அங்கே 1987லிருந்து கள்ளுக்குத் தடை என்பதால் அவர் மரத்தில் சீவினால் கேஸ். சரி, சட்டம் அப்படி. ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் அங்கிருந்து பைக்கில் எங்கள் பக்கத்துக் கடைக்கு வந்து குடித்துவிட்டுப் போகிற அதே சொந்தக்காரர்கள், பெண் பார்க்கிற பேச்சு வந்தால் மட்டும் 'அது கள்ளுக்கடை ஊரு, யோசிச்சுப் பண்ணுங்க' என்கிறார்களே, அதுதான் எரிச்சல். நான் குடிப்பதில்லை. நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். லோபோக் ஆற்றில் மிதக்கும் ஓட்டல் போல ஒரு படகு, பாட்டுக் கச்சேரியோடு மதியச் சாப்பாடு. ஆறு அழகு, பச்சைத் தண்ணீர், இரண்டு கரையிலும் தென்னை. ஆனால் சைவக்காரருக்கு வெள்ளைச் சோறு, தர்பூசணி, வாழைப்பழம் இவ்வளவுதான், நூடுல்ஸில்கூடக் கறித் துண்டு கிடக்கும். பையன் அறையில் கிளறிக் கொண்டுவந்த புளிச்சோறுதான் அம்மாவைக் காப்பாற்றியது. பரிமாறின பெண் ஒருத்தி அம்மாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள், பெரியவர்களிடம் அவர்கள் ஆசி வாங்குகிற முறை அது. அன்று முழுக்க அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்லாயோனில் உள்ள கிறிஸ்தவக் கற்கோயிலை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. 2013 அக்டோபர் நிலநடுக்கத்தில் ஒரு பகுதி இடிந்து, பிறகு சீர் செய்தது. பங்லாவ் கடற்கரையையும் அதே நாளில் நுழைக்கப் பார்க்காதீர்கள், அதற்கு ராத்தங்க வேண்டும்.

இன்னொன்று, ஊருக்கு விமானம் ஏறுகிற நாளுக்கு முந்தின நாளில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கடலோரக் காவல்படை படகை நிறுத்திவிடும், அந்த 14 நாளை நீட்டிக்கவும் முடியாது.